செவ்வாய்க்கிழமைப் பிள்ளை

அத்தியாயம் 14

போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. பெக்வாய் ஊரில் மின்கம்பம், முடிவெட்டும் கடை, கோழி வறுக்கும் கடை என்று ஓர் இடம் பாக்கியில்லை. கறுப்பும் சிவப்புமாய் ஓரம் கட்டிய அந்தப் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்த முகம் தம்பி குவாபெனா அஃப்ரியேயின் முகம். கீழே அச்சாகியிருந்த பெயர் அண்ணன் யாவ் டங்குவாவின் பெயர். வயது ஐம்பது என்று போட்டிருந்தது. செத்துப்போனவனுக்கு நாற்பத்து நாலுதான்.

அண்ணன் யாவ் உயிரோடு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். அந்தப் போஸ்டரை அடிக்கச் சொன்னவனே அவன்தான்.

நடுவில் சேர்ந்துகொண்டவர்களுக்காகப் பழைய கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் தேசிய அணிக்கு ஆள் எடுத்தார்கள். யாவுக்கு அப்போது இருபத்திரண்டு, தம்பிக்குப் பதினாறு. தம்பியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனான் அண்ணன். தன்னுடையதைத் தம்பியின் பாயில் வைத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து உலகத்துக்கு அவன்தான் குவாபெனா அஃப்ரியே. பெல்ஜியத்தில் பதினோரு வருஷம், துருக்கியில் நாலு வருஷம், நாட்டுச் சட்டையில் முப்பத்தெட்டு கோல். அரையிறுதியில் எண்பத்தொன்பதாவது நிமிஷம் தலையால் முட்டி உள்ளே தள்ளினானே, அந்தக் கோலுக்குப் பிறகு பிறந்த ஆண் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அஃப்ரியே என்றுதான் பெயர் வைத்தார்கள். முப்பத்து நாலு வயதிலேயே முழங்கால் விட்டுவிட்டதே என்று பத்திரிகைகள் அழுதன. அந்த முழங்காலுக்கு நாற்பது வயது என்பது குடும்பத்துக்கு மட்டும் தெரியும்.

தம்பியின் கதை சின்னது. காகிதத்தில் ஒரே நாளில் ஆறு வயது கூடிப்போனவனை எந்தச் சிறுவர் அணி சேர்த்துக்கொள்ளும்? அடுத்த வருஷம் வேறு காகிதம் வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னான். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. குடும்பத்தில் இரண்டு பேர் ஆட்டத்தையும் பார்த்தவர்கள், சின்னவன் காலில்தான் பந்து பேசும் என்பார்கள். சின்னவன் கடைசிவரை குமாசிக்கும் பெக்வாய்க்கும் வேன் ஓட்டினான். மூன்று வாரத்துக்கு முன்பு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தான்.

இன்று சனிக்கிழமை. இதுவரை பிணவறையில் இருந்தவனை எடுக்கிற நாள்.

வாசலில் பந்தல், நானூறு நாற்காலி, ஆள் உயர ஒலிபெருக்கிகள். தலைநகரிலிருந்து டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் செத்தவனுக்காக வரவில்லை. வருகிற திங்கட்கிழமை யாவ் கால்பந்து சம்மேளனத்தின் வயதுச் சோதனைக் குழுவுக்குத் தலைவராகிறான். பொய் வயதில் ஆட வரும் பையன்களைப் பிடித்து வெளியே தள்ளுகிற குழு அது. உறுப்பினராக இருந்தபோதே போன மாதம் பதினோரு பையன்களை ஆயுளுக்கும் ஆடக்கூடாது என்று விரட்டினான். இதைக் கேட்டுச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள் யாவ். காலையிலேயே குளித்து, தலைக்குச் சாயம் பூசி, கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டிவிக்காரர்களுக்கு இரண்டு பேட்டி கொடுத்துவிட்டான். அண்ணன்தான் எனக்கு முதல் பயிற்சியாளர் என்று சொல்லும்போது அவன் கண் நிஜமாகவே கலங்கியது. அப்புறம் பிணத்தை அலங்கரிக்கும் அறைக்குள் போனான்.

உள்ளே உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வேலையை முடித்திருந்தார்கள். பித்தளைக் கட்டிலில் பட்டு விரித்து, தங்க நிறத் துணி போர்த்தி, கையில் மோதிரங்கள் போட்டுக் குவாபெனாவைக் கிடத்தியிருந்தார்கள். வாழும்போது ஒரு நல்ல சட்டை இல்லாதவன் இன்று ராஜா மாதிரி கிடந்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

யாவ் தம்பியின் துணியையோ மோதிரங்களையோ பார்க்கவில்லை, முடியைத்தான் பார்த்தான். கருகருவென்று இருந்தது.

"ஐம்பது வயசு ஆளுக்கு ஒரு நரை கூடவா இருக்காது?" என்றான். "பவுடரோ சுண்ணாம்போ, எதையாவது தடவுங்க. காதோரமா, தாடியில கொஞ்சம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் தயங்கி, செத்தவன் தலையில் வேஷம் போடுவது பாவம் என்றாள். யாவ் குரலை உயர்த்தவில்லை. பந்தல், கட்டில், துணி, சோறு எல்லாம் யார் போட்டது என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அவள் பவுடர் டப்பாவைத் திறந்தாள். விரலில் தொட்டுத் தொட்டு, நாற்பத்து நாலு வயதுக்காரனை ஐம்பது ஆக்கினாள்.

வாசற்படியில் நிழல் விழுந்தது. குவாபெனாவின் மனைவி அட்வோவா நின்றுகொண்டிருந்தாள். கையில் செல்போன் இருந்தது.

"அவருக்கு நரைக்கிறதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கலையேன்னு நேத்து ராத்திரியெல்லாம் அழுதேன் அத்தான்," என்றாள். "அதையும் நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க."

அவளை வெளியே கூட்டிப்போகச் சொன்னான் யாவ். எங்களில் பிணம் தாய்வழிச் சொந்தத்துக்குச் சேர்ந்தது. பொண்டாட்டிக்கு அழுகிற உரிமை உண்டு, முடிவெடுக்கிற உரிமை கிடையாது. குடும்பத் தலைவரான தாய்மாமா அம்பொஃபோ போஸ்டருக்குத் தலையாட்டிவிட்டார். அட்வோவா தலையால் தண்ணி குடித்தாலும் அதை மாற்ற முடியாது. அவள் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

யாவுக்கு மிச்சமிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அது பின்கட்டு அறையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனுடைய அம்மா, எழுபத்திரண்டு வயது அஃபுவா.

எங்கள் பக்கத்தில் ஒருவன் பிறக்கும்போதே கிழமையும் அவனோடு பெயராக ஒட்டிக்கொள்கிறது. வியாழனில் பிறந்தவன் யாவ், செவ்வாயில் பிறந்தவன் குவாபெனா. பின்னால் வருகிற பெயர் கூடப் பிறந்தவர்களுக்கும் வேறு வேறாக இருக்கும். ஒப்பாரியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆத்மாவை அனுப்ப வேண்டும். பெற்றவள்தான் முதலில் அழ வேண்டும். அதுவும் இந்தக் காலத்தில் மைக்கில்.

அஃபுவாவின் வாய்க்குக் காகிதம் தெரியாது. ஒரு தடவை மைதானத்தில், மகன் கோல் போட்டபோது எழுந்து நின்று யாவ், யாவ் என்று கத்திவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், கிழவி செத்துப்போன புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று சொல்லிச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு அவளை மைதானத்துக்கு அழைத்துப் போகவேயில்லை.

ஆனாலும் அந்த வாய்க்காகத்தான் யாவ் ஏங்கிக் கிடந்தான். பெல்ஜியத்தில் கட்டிய மனைவிக்கு அவன் 'அஃப்ரி'. அவள் விவாகரத்துக் கேட்ட கடிதத்திலும் அந்தப் பெயர்தான் இருந்தது. பிரசல்ஸில் இருக்கும் மகனுக்கு அப்பாவின் நிஜப் பெயரே தெரியாது, போன் செய்தால் எடுப்பதும் இல்லை. பனிக்காலத்தில் தனியாக இருக்கிற வியாழக்கிழமைகளில் யாவ் ஊருக்கு போன் போடுவான். அம்மா எடுத்து, "யாவ், சாப்பிட்டியாடா?" என்பாள். அதைக் கேட்டுவிட்டால் போதும், வைத்துவிடுவான். அந்த ஒரு வார்த்தையில்தான் தான் இன்னார் என்பது அவனுக்கு நினைவு வரும்.

இப்போது அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். டிவிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், வாய் தவறிக் குவாபெனா என்று வந்துவிட்டால் திங்கட்கிழமைப் பதவி போகும், கோல் எல்லாம் அழியும், ஒருவேளை ஜெயிலும் உண்டு என்று பொறுமையாகச் சொன்னான். தம்பி எப்படியும் போய்விட்டான், அவனுக்கு இனிமேல் பெயர் எதற்கு என்றும் கேட்டான்.

அஃபுவா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"யாவ்னு சொல்லி அழணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

"பாதி அழட்டுமா, முழுசா அழட்டுமா?"

"முழுசாவே அழும்மா. ஊரு பாக்கணும்."

"ஒருத்தனுக்கு ஒரு தடவைதான்டா நான் அழுவேன். யாவுக்கு இன்னிக்கு அழுதுட்டேன்னா, அப்புறம் கேக்கக் கூடாது. சம்மதமா?"

வயசான பேச்சு என்று நினைத்துக்கொண்டான். சம்மதம் என்று அவள் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தான்.

பத்து மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்துவிட்டது. வேன் டிரைவர்கள் சங்கமாகத் திரண்டு வந்தார்கள். குவாபெனாவின் வேனைக் கழுவி, முகப்பில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே எல்லா வேனுக்கும் முதுகில் ஏதாவது எழுதியிருக்கும். சாமி பேர், பழமொழி, பொறாமைக்காரனுக்கு ஒரு குத்தல். குவாபெனா தன் வேனின் பின்கண்ணாடிக்கு மேல் பெரிய மஞ்சள் எழுத்தில் குவாபெனா அஃப்ரியே என்று எழுதி வைத்திருந்தான். பதினாறு வருஷம் அப்படித்தான் ஓடியது. தன் சொந்தப் பெயரைச் சொந்த வேனில் எழுதியிருந்தான், பாவம். ஊரோ, பிரபலமான தம்பி மேல் என்ன பாசம் பார் என்று சொல்லிச் சிரித்தது. டிரைவர்கள் அதையே அவனுக்குப் பட்டப்பெயராக்கி அஃப்ரியே என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அந்த எழுத்தின் மேல் இப்போது கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. துக்கத்துக்காக என்று யாவ் சொல்லியிருந்தான். டிரைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சோறு போடுகிறவனிடம் யார் கேட்பது?

வரிசையாக வந்து பிணத்தைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் கைக்குட்டைக்குள் ஒன்றையே முணுமுணுத்தார்கள். மூத்தவன் சின்னவனைவிட இளசாகத் தெரிகிறானே என்றாள் ஒருத்தி. பாடுபட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும், ஏசியில் கிடந்த உடம்பு சீக்கிரம் தளரும் என்றான் ஒரு டிரைவர். யாவ் அதைக் கேட்டுக்கொண்டே எல்லோரிடமும் கைகுலுக்கினான்.

பிறகு அஃபுவாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மேளம் நின்றது. மைக்கை அவள் வாயருகே பிடித்தார்கள். கேமராக்கள் திரும்பின.

யாவின் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது.

"யாவ்," என்றாள் அஃபுவா.

அவனுக்கு மூச்சு வந்தது.

"வியாழக்கிழமை விடியலில வந்தவனே. தலையைக் காட்டாம காலைக் காட்டி வந்தவனே. மூணு நாள் என்னை அலற வச்சவனே, யாவ்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. யாவ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் பிணத்தின் பக்கம் திரும்பவில்லை. நேராக அவனைப் பார்த்துத்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"என் சட்டியில மீனைத் திருடித் தின்னுட்டுத் தம்பி வாயில எண்ணெயைத் தடவினவனே. அவன் அடி வாங்கினான், நீ சிரிச்சே. எனக்குத் தெரிஞ்சும் உன்னை அடிக்கலையே, யாவ். அன்னிக்கே அடிச்சிருந்தா இன்னிக்கு உனக்கு அழுவேனா?

இடது கால்ல பாமாயில் கொட்டின தழும்பு. நான்தான் பச்சிலை வச்சுக் கட்டினேன். அந்தக் காலை இனிமே எங்க போய்த் தேடுவேன், யாவ்?"

யாவ் தன் இடது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வேட்டி மாதிரி சுற்றியிருந்த கறுப்புத் துணியை இன்னும் கீழே இறக்கிவிட்டான். பொய் சொல்வாள், ஒப்புக்கு இரண்டு தடவை பெயரைச் சொல்லி முடிப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குத்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"போய்ச் சேந்ததும் உன் தாத்தன்கிட்ட சொல்லு. அஃபுவா ரெண்டு பெத்தா, மூத்தவனைக் குழிக்குள்ள வச்சுட்டா. இனி அவளுக்கு ஒரே பிள்ளை. செவ்வாய்க்கிழமைப் பிள்ளை மட்டும்தான்னு சொல்லு."

மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். நானூறு நாற்காலியும் அழுதது. டிவிக்காரப் பெண் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஓர் ஒப்பாரியை இந்த மாவட்டமே கேட்டதில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

கல்லறையில் மாமா அம்பொஃபோ ஜின் பாட்டிலைத் திறந்தார். செருப்பைக் கழற்றி, துணியை இடுப்புக்கு இறக்கி, குழியின் விளிம்பில் நின்று ஊற்றினார். முன்னோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசியில், "யாவ் டங்குவா, வா. வந்து குடி. உன் ஆளுங்க பக்கத்துல உனக்கு இடம் போட்டாச்சு, வந்து உக்காரு," என்றார்.

பதினைந்து வருஷம் வெளிநாட்டில் இருந்தாலும் யாவ் எங்கள் ஆள்தான். உயிரோடு இருக்கிறவன் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்துக் கூப்பிட்டால் அவனைத் தேடிச் சாவு வரும் என்பது அவனுக்கும் தெரியும். மண் தள்ளி முடிந்ததும் மாமாவைத் தனியே இழுத்தான். வாய்க்குள்ளேயாவது சரியான பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டான்.

மாமா பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"போஸ்டர்ல என்ன பேரோ அதைத்தானே கூப்பிட முடியும்? ஆறு வாரத்துக்கு ஒருக்கா முன்னோருக்கு ஊத்துறோமே, இனி அப்பல்லாம் இந்தப் பேரையும் சேத்துக்குவோம். நீ கேட்டதைத்தான் செஞ்சோம் குவாபெனா."

மாமா அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் கேமரா எதுவும் இல்லை.

வீடு திரும்பியபோது மூன்று மணி. பந்தலில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அழுகை முடிந்தால் ஆட்டம், அதுதான் முறை. அட்வோவா உட்காரவேண்டிய பாய் காலியாக இருந்தது. டிவிக்காரர்களின் கார் நின்ற இடத்திலேயே இருந்தது, ஆனால் டிவிக்காரப் பெண்ணை மட்டும் காணோம்.

தெருவில் ஹார்ன் அடித்தது. யாவ் எட்டிப் பார்த்தான். குவாபெனாவின் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் அட்வோவா இருந்தாள். அவள் பக்கத்தில் டிவிக்காரப் பெண் அட்வோவாவின் செல்போனைக் கண்ணுக்கருகே வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அட்வோவா அந்த வாசற்படியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வேன் திரும்பியது. யாரோ மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். கறுப்புப் பெயின்ட் வழிந்து கிடக்க, நடுவில் மஞ்சள் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. குவாபெனா அஃப்ரியே. குமாசி ரோட்டில் அது போவதை, முழங்கால் ஓட விடாததால், நின்று பார்த்தான்.

பின்கட்டுக்குப் போனான். அஃபுவா மரவள்ளி இடித்த ஃபுஃபுவையும் பனங்கொட்டைக் குழம்பையும் ஒரே கிண்ணத்தில் போட்டு எடுத்து வைத்திருந்தாள். அழுத சுவடு முகத்தில் இல்லை.

"வா குவாபெனா. சாப்பிடு," என்றாள்.

கதவைச் சாத்தினான். அவள் காலடியில் உட்கார்ந்தான். அட்வோவா போனதைச் சொல்ல வந்தவன் அதை மறந்துவிட்டான்.

"யாருமில்லம்மா இங்க. நீயும் நானும்தான். ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். கை கழுவத் தண்ணீரும் எடுத்து வைத்தாள். குழம்பில் விழுந்த ஈயை விரலால் எடுத்துப் போட்டாள்.

"செத்தவங்களை வீட்டுக்குள்ள கூப்பிடக் கூடாதுடா குவாபெனா," என்றாள். "உனக்குத் தெரியாதா?"